அப்பா விரலா, அம்மா விரலா

"நீங்களே விரல வைங்க. என் ஆதாரெல்லாம் எதுக்கு?" என்று மூன்றாவது முறையாகச் சொன்னாள் பாண்டிச்செல்வி.

கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு மாடியறையில் இருந்த ஆதார் மையத்தில், கணவர் இசக்கிதுரையோடும் மகள் மகாவோடும் அவள் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தாள். மகாவுக்குப் பதினைந்து வயது முடிந்துவிட்டது. ஐந்து வயதில் கொடுத்த கைரேகையைப் புதுப்பித்து, ரசீதை வெள்ளிக்கிழமைக்குள் கொண்டு வராவிட்டால் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் பெயர் கொடுக்க முடியாது என்று பள்ளியில் சொல்லியிருந்தார்கள். இன்றுதான் வெள்ளிக்கிழமை.

மகாவின் பத்து விரல், இரண்டு கண், ஒரு முகம் எல்லாம் எடுத்தாகிவிட்டது. சிறு பெண் என்பதால் பெற்றவர்களில் ஒருவரும் விரல் வைக்க வேண்டுமாம். விரல் பொருந்தியதும், வைத்தவருடைய பெயரும் பிறந்த தேதியும் எதிரே சுவரில் மாட்டியிருந்த பெரிய திரையில் வந்து நிற்கும். முன்னால் போனவர்களுக்கு அப்படி வந்ததைப் பார்த்ததிலிருந்துதான் பாண்டிச்செல்வி கணவரையே விரல் வைக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பதினேழு வருடங்களுக்கு முன் அவளுக்கு வரன் பார்த்த தரகர் பிச்சைமணி, பெண்ணுக்கு இருபத்தொன்று என்று மாப்பிள்ளை வீட்டில் சொல்லிவிட்டார். உண்மையில் இருபத்தாறு. மாப்பிள்ளை இசக்கிதுரைக்கு இருபத்தேழு என்றார்கள். ஆறு வயது மூத்தவர் என்ற உரிமையில், 'நீ சின்னப் பொண்ணு, உனக்கு என்ன தெரியும்' என்று அவர் ஆரம்பிக்காத நாள் கிடையாது. பாண்டிச்செல்வியும் வாயைத் திறக்கமாட்டாள். சுள்ளிக்கல்லில் நாள் முழுக்க நின்று காய்கறி விற்றுவிட்டு வந்து, முழங்கால் வலியைக்கூட முப்பத்தெட்டு வயதுக்காரி போலவே பொறுத்துக்கொள்வாள். அவளுடைய ஆதார் அட்டை இருக்கும் இடம் வீட்டு அரிசி டின்னுக்கு மட்டும்தான் தெரியும்.

இசக்கிதுரை வலது கட்டைவிரலை வைத்தார். சிவப்பு விளக்கு எரிந்தது. இடது விரலுக்கும் சிவப்புதான்.

"கொஞ்சம் அமர்த்தி, அழுத்தி வைங்கோ, சேட்டா," என்றாள் மையத்துப் பெண் அனந்தலக்ஷ்மி. தமிழ் வீட்டுப் பெண்தான். மூன்று தலைமுறையாகக் கொச்சியில் இருப்பதால் பேச்சில் பாதி மலையாளம்.

பத்து விரலும் ஆனது. பத்துக்கும் சிவப்பு. சுக்குக் கிடங்கில் மூட்டை தூக்கித் தூக்கி ரேகையெல்லாம் தேய்ந்துவிட்டது என்று இசக்கிதுரை வருத்தத்தோடு விளக்கினார். வரிசையில் இருந்த ஒருவர் விரலை நெற்றியில் தேய்க்கச் சொன்னார். இன்னொருவர் தலைமுடியில் தேய்க்கச் சொன்னார். இசக்கிதுரை இரண்டையும் செய்து பார்த்தார். அனந்தலக்ஷ்மி கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வரச் சொன்னபோது மட்டும், கழுவினால் மிச்சம் இருக்கிற ரேகையும் போய்விடும் என்று மறுத்துவிட்டார். மகா யாரோ பெற்ற பிள்ளை போல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மணி பன்னிரண்டே முக்கால். ஒரு மணிக்கு மையத்தை மூடிவிடுவார்கள்.

"அம்மையோட விரல் மதி, சேச்சி. ஒரு ஆள் வச்சாலே போதும்," என்றாள் அனந்தலக்ஷ்மி.

பாண்டிச்செல்வி மகளின் முகத்தைப் பார்த்தாள். ஒரு வருடப் படிப்பு. வேறு வழியில்லை.

"ஏங்க, பிள்ளைக்குக் கிறுகிறுன்னு வருதாம். கீழ போயி மூணு சாயா வாங்கிட்டு வாங்க."

தனக்கு ஒன்றுமில்லை என்று சொல்ல வந்த மகாவுக்குத் தொடையில் ஒரு கிள்ளு விழுந்தது. இசக்கிதுரை ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. விட்டால் போதும் என்பது போல இரண்டிரண்டு படியாக இறங்கிப் போனார்.

பாண்டிச்செல்வி மனப்பாடமாக இருந்த ஆதார் எண்ணைச் சொல்லி, முருகனை நினைத்துக்கொண்டு விரலை வைத்தாள். முதல் தடவையே பச்சை. அவள் பெயரும் பிறந்த வருடமும் கத்தரிக்காய் அளவு எழுத்தில் திரையில் வந்து நின்றன. மகா நிமிர்ந்து பார்த்தாள். கணக்கில் கெட்டிக்காரி.

"அம்மா, அப்போ உனக்கு நாப்பத்திமூணா?"

அறை முழுக்கக் கேட்டது. வாசலில் மூன்று டம்ளர் சாயாவோடு நின்ற இசக்கிதுரைக்கும் கேட்டது.

ரசீதை வாங்கிக்கொண்டு மகா பள்ளிக்கு ஓடினாள். மாடிப்படியில் புருஷனும் பெண்டாட்டியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். பாண்டிச்செல்வி எல்லாவற்றையும் சொன்னாள். ஐந்து வயதைக் குறைத்தது தரகர் என்றாலும், பதினேழு வருடம் மறைத்தது தான்தான் என்று ஒப்புக்கொண்டாள். சொல்லச் சொல்ல அவளுக்கு அழுகை வந்தது. இனி இந்த மனிதர் முகம் கொடுத்துப் பேசுவாரா என்று பயமாக இருந்தது.

தன் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்த இசக்கிதுரை, நகத்தால் அதன் ஓரத்தை மெதுவாகக் கீறி உரிக்க ஆரம்பித்தார். பூண்டுத் தோல் போல மெல்லிசாக ஒன்று முழுசாக உரிந்து வந்தது.

"ஐயோ, தோலு வருதே," என்று அவர் கையைப் பிடித்தாள் பாண்டிச்செல்வி.

"தோலு இல்ல, பசை. காலையிலேயே பத்து விரலுக்கும் தடவிட்டேன்." அவர் அவளைப் பார்க்காமலே சொன்னார். "மூத்த மாப்பிள்ளைதான் வேணும்னு உங்கப்பா ஒத்தக்கால்ல நின்னாராம். பிச்சைமணிதான் ஆறு வயசு கூட்டிச் சொன்னாரு. எனக்கு இப்பத்தான் முப்பத்தெட்டு."

பாண்டிச்செல்வி மனசுக்குள் ஒருமுறை கணக்குப் போட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நிமிர்ந்து உட்கார்ந்து, கையிலிருந்த டம்ளரை அவர் பக்கம் நீட்டினாள்.

"சாயாவுல சக்கர பத்தல. ஓடிப் போயி போட்டு வாங்கிட்டு வா, தம்பி."