பூட்டக் கூடாத கதவு

"இந்தச் சங்கிலி எதுக்கு?"

மண்டபத்தின் பின்கதவில் சுற்றியிருந்த இரும்புச் சங்கிலியை மூக்குக்கண்ணாடி போட்ட ஒருவர் இழுத்துப் பார்த்தார். மகளின் வரவேற்புக்கு மண்டபம் பார்க்க வந்திருப்பதாகச் சொன்னவர், மேடையை ஏறிட்டும் பார்க்கவில்லை. நேரே இங்கேதான் வந்து நின்றார்.

"சாப்பாட்டு நேரத்துல கண்டவங்களும் உள்ளே புகுந்துடறாங்க சார். அதான்..." என்று இழுத்தார் மேனேஜர்.

"தீ கீ பிடிச்சா ஜனங்க எப்படி வெளியே போவாங்க? சாவி யார்கிட்ட இருக்கு?"

மேனேஜர் உஷாரானார். முதலாளி போனில் எச்சரித்திருந்தார். தீயணைப்புத் துறை அதிகாரி ஒருவர் கல்யாண வீட்டுக்காரர் மாதிரி வந்து, எல்லாவற்றையும் நோட்டம் விட்டு, மறுநாளே ஒரு மண்டபத்துக்குச் சீல் வைத்துவிட்டாராம்.

"சாவி என்கிட்டதான் சார். விசேஷத்தன்னிக்குத் திறந்துதான் வைப்போம்" என்று பூசி மெழுகினார்.

கண்ணாடிக்காரர் நம்பியதாகத் தெரியவில்லை. "மணப்பெண் அறை எது? அங்கேருந்து இந்தக் கதவுக்கு நேர் வழிதானே?"

பட்டுப் புடவையோடு ஒரு பெண் ஓடி வர முடியுமா என்று பார்க்கிறார். சந்தேகமே இல்லை, அதிகாரிதான். நடைபாதை நெடுக உடைந்த நாற்காலிகளும் பழைய ஷாமியானா மூட்டைகளும் மேனேஜரைப் பார்த்து இளித்தன.

"இருட்டுல யாராவது இதுல இடறினா?" என்றார் கண்ணாடிக்காரர்.

"நாளைக்கே காலி பண்ணிடறேன் சார்!"

சுவரில் தொங்கிய சிவப்பு சிலிண்டரின் தூசியைத் தன் கைக்குட்டையாலேயே துடைத்துக் காட்டினார் மேனேஜர். "தீயணைக்கிறது சார்." கண்ணாடிக்காரர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. போன் நம்பர் கேட்டதற்கு, "நானே வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நானே வர்றேன்! அந்த வார்த்தை மேனேஜரைத் தூங்கவிடவில்லை. சங்கிலி குப்பைக்குப் போனது. நடைபாதை காலியானது. சிலிண்டரை நிரப்பி, எப்படிப் பிடித்து அடிப்பது என்றும் கற்றுக்கொண்டார். மண்டபத்துக்குள் நுழைகிற ஒவ்வொரு கண்ணாடியையும் சந்தேகத்தோடு பார்த்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேறொரு குடும்பத்தின் வரவேற்பு. பெண்ணின் அப்பா வந்ததும் வராததுமாகப் பிடித்துக்கொண்டார்.

"பின்கதவு என்னங்க, ஆன்னு திறந்து கெடக்கு? நகை நட்டெல்லாம் பொண்ணு ரூம்லதான் இருக்கு. பூட்டுங்க."

"பூட்டக் கூடாதுங்க. ஆளுங்க உள்ளே இருக்கறப்போ அந்தக் கதவு திறந்துதான் இருக்கணும்."

"ஏதாவது காணாமப் போனா நீங்க பொறுப்பா?"

"உசுருக்கு நான் பொறுப்பு. நகைக்கு நீங்க ஒரு ஆளைப் போட்டுக்குங்க. அப்புறம், முன்வாசலை அடைச்சு அந்தப் பூ வளைவை வைக்காதீங்க."

பெண்ணின் அப்பா முறைத்தார். ஆளையும் போடவில்லை, வளைவையும் எடுக்கவில்லை.

கூட்டம் களைகட்டியபோது மேடைப் பக்கம் ஏதோ கருகும் வாடை வந்தது. ஃபோகஸ் விளக்கின் சூட்டில் அலங்காரத் துணி பற்றிக்கொண்டிருந்தது. யாரோ "தீ!" என்று அலறியதும், முந்நூறு பேரும் முன்வாசலை நோக்கிப் பாய்ந்தார்கள். பூ வளைவு சரிந்து குறுக்கே விழ, கூட்டம் அங்கேயே அடைத்துக்கொண்டது. குழந்தைகள் வீறிட்டன.

"இந்தப் பக்கம் வாங்க! இங்க கதவு இருக்கு! எல்லாரும் இந்தப் பக்கம்!"

நடைபாதையிலிருந்து வந்த அந்தக் குரலை மேனேஜருக்கு அடையாளம் தெரிந்தது. புகைக்கு நடுவே பின்கதவைத் தோளால் தாங்கிப் பிடித்தபடி நின்றிருந்தார் கண்ணாடிக்காரர். கூட்டம் திரும்பியது. தள்ளாட்டமும் தடுமாற்றமுமாக, ஆனால் ஒருவர் மேல் ஒருவர் விழாமல், வெளியே கொட்டியது. சக்கர நாற்காலியில் திணறிக்கொண்டிருந்த மணப்பெண்ணின் தாத்தாவைக் கண்ணாடிக்காரரே தூக்கிக்கொண்டு ஓடினார்.

மேனேஜர் சிலிண்டரைத் திறந்து, அது காலியாகும்வரை அடித்தார். தீ அணைந்தது. வெளியே வந்து பார்த்தபோது ஒருவருக்குக்கூடப் பெரிய காயமில்லை.

பின்முற்றத்தில் தாத்தா, கண்ணாடிக்காரரின் சட்டை நுனியை விடாமல் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். மேனேஜர் ஓடிப்போய் கண்ணாடிக்காரருடைய இரண்டு கைகளையும் பற்றிக்கொண்டார்.

"சார், நீங்க யாருன்னு எனக்கு அன்னிக்கே தெரியும். வேஷம் போட்டு வந்து எங்களை மாட்டிவிடப் போறீங்கன்னு உங்களைத் திட்டாத நாளில்ல. நீங்க மட்டும் அந்தக் கதவைப் பத்திக் கேக்கலேன்னா, இன்னிக்கு எத்தனை பொணம் விழுந்திருக்கும்..."

கண்ணாடிக்காரர் முற்றத்தில் பிள்ளைகளை அணைத்தபடி நின்ற அம்மாக்களைப் பார்த்தார். பிறகு மெல்லக் கைகளை விடுவித்துக்கொண்டு, சட்டைக்குள்ளிருந்து வெல்வெட் நகைப்பெட்டி ஒன்றை எடுத்து மேனேஜரின் உள்ளங்கையில் வைத்தார்.

"பொண்ணோட அப்பாகிட்ட குடுத்துடுங்க. நான் கதவைப் பத்திக் கேட்டது இதுக்குத்தான்."