தலைகீழ் பாக்கெட்

"பாக்கெட்டோட வாய் கீழ இருக்கு. என் பையன் பேனா வெச்சா நேரா கால்லதான் விழும்."

கணக்கு டீச்சர் சட்டையை வெட்டும் மேசை மேல் வீசினார். மகள் எடுத்துப் பார்த்தாள். பொய்யில்லை. பாக்கெட் தலைகீழாகத்தான் இருந்தது.

"அம்மா, இது என்ன?"

தையல் மிஷினுக்குப் பின்னாலிருந்த அம்மா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினாள். "அட, ஆமா. நானும் ஏதோ இடிக்குதேன்னு நினைச்சேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அதுதான் மகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தப்புச் செய்கிறவள் கொஞ்சம் முகத்தைத் தொங்கப் போட்டாலாவது மன்னித்துத் தொலைக்கலாம்.

முப்பது வருஷம் அந்தக் கடையில் வெட்டியவர் அப்பா. தெருவே அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடும். ஐந்து மாதத்துக்கு முன் ஒரு காலையில், பிடித்த கத்தரிக்கோலோடு சரிந்தார். வலது கை போயிற்று, பேச்சும் போயிற்று. இப்போது சன்னலோரம் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து தெருவைப் பார்க்கிறார். கூப்பிட்டால் திரும்புவார், சொன்னால் புரிந்துகொள்வார். ஆனால் வாயிலிருந்து ஒரு சொல் கிடையாது. பேச்சு வரலாம், வராமலும் போகலாம் என்று டாக்டர் இரண்டு பக்கமும் கால் வைத்துச் சொல்லிவிட்டார். அம்மா முதல் பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

"போன வாரம் பேக்கரிக்காரருக்குக் காலர் கோணல். அதுக்கு முன்னாடி பார்லர் அக்காவுக்கு ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. இன்னைக்கு இது. இருபது வருஷமா அப்பா பக்கத்துல உட்கார்ந்து தைச்சவதானே நீ? அவர் நல்லா இருந்திருந்தா 'பிரி'ன்னு துணியை மூஞ்சில வீசியிருப்பாரு."

"வீசுவாரு. கல்யாணமான புதுசுல ஒரு நாளைக்குப் பத்து தடவை வீசுவாரு" என்றாள் அம்மா, பரிசு வாங்கிய கதையைச் சொல்வதுபோல. பிறகு துணியில் குறிக்கும் சாக்பீஸை எடுத்து மேசை ஓரத்தில் ஒரு கோடு போட்டாள். அங்கே ஏற்கெனவே நூறு கோடுகளுக்கு மேல் இருந்தன.

"இது என்னங்க கணக்கு?" என்றார் டீச்சர்.

"நல்லது நடந்தா ஒரு கோடு. இன்னைக்கு டீ நல்லா அமைஞ்சுது. அது போக, மூணு மணி வெயில் வந்து அவர் கால்மேல உட்கார்ந்துச்சு பாருங்க, பூனைக்குட்டி மாதிரி."

"வெயில் வந்ததுக்கெல்லாம் கோடா?" என்றாள் மகள்.

"வந்ததுக்குப் போடாம, வராததுக்கா போடுவாங்க?"

"நீ போட்டுக்கிட்டே இரு. அஞ்சு மணிக்கு மிஷின் வாங்க ஆள் வருது. நான்தான் வரச் சொன்னேன்."

அம்மாவின் சிரிப்பு அன்றைக்கு முதல் தடவையாக நின்றது. "என்னைக் கேக்காமயா?"

"கேட்டா சிரிப்ப. நம்ம வீட்டுல முதல்ல காலேஜ் வாசலை மிதிச்சவ நான். எனக்கு எங்கயாவது வேலை கிடைக்கும், உங்க ரெண்டு பேருக்கும் நான் சோறு போடறேன். அப்பா பேரைத் தெருவுல கிழிச்சுத் தொங்க விடாத, அது போதும்."

அம்மா டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் அம்மாவைப் பார்த்தார். பிறகு சட்டையை அள்ளிக்கொண்டு நேராக அப்பாவிடம் போனார்.

மகளுக்கு ரத்தம் கொதித்தது. சண்டைக்கு வருகிறவர்கள் எல்லாருக்கும் இதே வழக்கம். நோயாளி என்றுகூடப் பார்க்காமல் துணியை அவர் மூக்குக்கு நேரே நீட்டுவார்கள்.

"டீச்சர், அவரை விடுங்க. உங்களுக்கெல்லாம் மனசே இல்லையா?"

"மாஸ்டர் கடைன்னுதானே துணியைக் குடுத்தேன்? மாஸ்டரே பார்க்கட்டும்." டீச்சர் சட்டையை அவர் மடியில் விரித்தார். "பாருங்க மாஸ்டர், உங்க வீட்டம்மா தைச்ச லட்சணத்தை. கேட்டா இதுதான் புது ஃபேஷனாம்."

"ஃபேஷன்தான்" என்றாள் அம்மா. கண் அப்பாவின் முகத்திலேயே இருந்தது. "இனிமே எல்லாருக்கும் இப்படித்தான் தைக்கப் போறேன்."

அப்பா குனிந்து பார்த்தார். இடது கை மெல்ல நகர்ந்து பாக்கெட்டைத் தொட்டது. மேல் ஓரத்தில் விரலை நுழைக்கப் பார்த்தார், வழியில்லை. புருவம் ஏறியது. கழுத்து நரம்பு புடைத்தது. உதடுகள் ஒட்டின, விலகின, மறுபடி ஒட்டின.

"ப்... ப்ரி."

அம்மா மிஷினை விட்டு எழுந்தாள்.

"பிரி" என்றார் அப்பா. இந்த முறை முழுசாக, பழைய கோபத்தோடு.

மகள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். போனை எடுத்து, மிஷின் வாங்க வருகிற ஆளின் நம்பரைத் தேடினாள். கண் மறைத்ததில் நம்பர் தெரியவில்லை.

அம்மா ஓடி வந்தாள். பாக்கெட் ஓரத்தில் தொங்கிய நூலைப் பிடித்து ஒரே இழுப்பு. பாக்கெட் முழுசாகக் கையோடு வந்துவிட்டது. அளவு பார்ப்பதற்காகத் தற்காலிகமாகப் போடும் வெறும் ஓட்டுத் தையல்.

டீச்சர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டார்: "நாளைக்குச் சண்டை போட வர்ற முறை பேக்கரிக்காரரோடது. வர வேணாம்னு சொல்லிடவா?"

"வரட்டும்" என்றாள் அம்மா, சாக்பீஸைத் தேடியபடியே. "இப்பதானே ஒரு வார்த்தை வந்திருக்கு."