ஆறு இலக்கம்

"அம்மா, நான்தான் பேசறேன். போனை வச்சுடாதே. சொல்றதை மட்டும் செய்."

மூன்றாவது தடவை அடித்தபோதுதான் அம்மா எடுத்தாள். அவன் கூப்பிட்டது தன்னுடைய செல்போனுக்கே. காலை அவசரத்தில் அதை வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே மறந்துவிட்டு வந்திருந்தான். இப்போது அவன் பேசிக்கொண்டிருந்தது, ஊர்க்கோடியில் ஆளில்லாத ஒரு கணினி அறையில், சுவரில் மாட்டியிருந்த தொலைபேசியிலிருந்து.

அறை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. லாரிப் பெட்டி அளவுதான். பக்கத்து மருத்துவமனைக்கும் சாலை விளக்குகளுக்கும் வேண்டிய கணக்குகளை எங்கோ தூரதேசத்துக்கு அனுப்பாமல் இங்கேயே போட்டுத் தரும் இயந்திரங்கள் அதற்குள் இருந்தன. கூரையில் சூரியத் தகடு, மூலையில் பாட்டரி. மின்சாரம் மிச்சம், புகை என்ற பேச்சே இல்லை என்று திறப்பு விழாவில் பெருமையடித்துக்கொண்டார்கள். அந்த மூலையிலிருந்துதான் இப்போது புகை வந்துகொண்டிருந்தது.

காலையிலிருந்தே யாரோ இணையம் வழியாக உள்ளே புகப் பார்த்தார்கள். பாதுகாப்புப் பொறுப்பு அவனுடையது என்பதால் நேரில் பார்க்க வந்தான். அவன் உள்ளே இருக்கும்போதே அறை உஷாராகி, கதவைப் பூட்டி, இணையத் தொடர்பையும் அறுத்துக்கொண்டது. இனி கதவு திறக்க, அவன் செல்போனுக்கு வரும் ஆறு இலக்க எண் வேண்டும். உள்ளே இருந்து திறப்பதற்கும் அதே எண்தான். புகுந்த திருடன் தப்பிக்கக் கூடாதாம். அந்த விதியை எழுதிய மகானும் அவனேதான்.

அடுத்தபடியாகப் பாட்டரி வீங்கிப் புகைய ஆரம்பித்தது. இன்னும் பன்னிரண்டு நிமிடத்தில் தீயணைக்கும் வாயு திறக்கும் என்று திரை காட்டியது. அந்த வாயு தீயை மூச்சுத் திணற வைத்து அணைக்கும். உள்ளே மனிதன் இருந்தால் அவனுக்கும் அதே கதிதான். அலுவலகத்தைக் கூப்பிட்டான். ஆள் வர நாற்பது நிமிடம் ஆகும், அங்கிருந்து எதையும் நிறுத்த முடியாது என்றார்கள்.

"அம்மா, அந்த போன்லயே ஒரு மெசேஜ் வந்திருக்கும். ஆறு நம்பர். அதைப் படி, போதும்."

"நம்பர் எல்லாம் யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு என் பையன் சொல்லியிருக்கான்" என்றாள் அம்மா. "என் குரல்லயே பேசி ஏமாத்துவாங்கம்மான்னு படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்கான்."

அவள் சொன்னது உண்மைதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து அவளுக்கு அந்தப் பாடத்தை நடத்தியிருந்தான். அந்த ஞாயிற்றுக்கிழமையை இப்போது மனதார சபித்தான்.

உள்ளே மாட்டிக்கொண்டதை, புகையை, பன்னிரண்டு நிமிடத்தை எல்லாம் சொன்னான். அவள் பதறவில்லை. சின்ன வயதில் எதன் மேலிருந்து விழுந்தாய் என்று கேட்டாள். பீரோ மேலிருந்து என்றான். எத்தனை தையல்? நாலு. எந்தப் புருவத்தில்? இடது. எல்லாம் சரியாகத்தான் சொன்னான். அவள் அடுத்த கேள்விக்குப் போனாள்.

நடுவில் ஏதோ பாத்திரம் உருண்டு விழும் சத்தம். பிறகு கதவு திறக்கும் சத்தம். அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. பயந்துபோய் வீட்டைவிட்டே ஓடுகிறாள் போலிருக்கிறது என்று நினைத்தான். திரையில் ஐந்து நிமிடம்.

"அம்மா, எனக்கு பயமா இருக்கும்மா. செத்துடுவேன்மா."

"பேசிக்கிட்டே இரு. நிறுத்தாதே" என்றாள். "ஸ்கூல்ல உன் பக்கத்துல உட்கார்ந்த பையன் பேர் என்ன?"

அவனுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. வாய்க்கு வந்தபடி கத்தினான். பெற்ற பிள்ளையின் குரல் தெரியாதா, நீயெல்லாம் ஒரு தாயா என்றுகூடக் கேட்டுவிட்டான். புகை தொண்டையில் இறங்கி இருமல் பிடித்துக்கொண்டது. தரையோடு தரையாகக் குந்தி, ரிசீவரைக் காதில் அழுத்திக்கொண்டு அழுதான். இரண்டு நிமிடம்.

போனில் எங்கோ கதவைத் தட்டும் சத்தம். தொடர்ந்து அவளுடைய குரலும் ஓர் ஆணின் குரலும் மாறி மாறிக் கேட்டன.

"நாலு, ஒண்ணு, ஒண்ணு" என்றது அந்த ஆண்குரல். "ஏழு, சைபர், ரெண்டு."

யார், எவன் என்றெல்லாம் யோசிக்க நேரமில்லை. கதவருகே எண்களை அழுத்தினான். கதவு திறந்தது. வெளியே புல்தரையில் விழுந்து, மூச்சை அள்ளி அள்ளி இழுத்தான். முதுகுக்குப் பின்னால் அறைக்குள் வாயு சீறிக்கொண்டிருந்தது.

சாயங்காலம் வீடு திரும்பினான். அம்மா இரண்டு முழங்காலிலும் கட்டுப் போட்டுக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். தரைத்தளத்தில் குடியிருக்கும் தையல்காரர் அவளுக்குக் காவலாகப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். எண்ணைப் படித்த குரல் அவருடையது என்று அவர் வாயைத் திறந்ததுமே தெரிந்தது. அவரைக் கையெடுத்துக் கும்பிட்டான். ஆனாலும் நெஞ்சில் இருந்த எரிச்சல் அடங்கவில்லை.

"பத்து நிமிஷம் கேள்வி கேட்டே ஓட்டிட்டாங்கண்ணே. கையில இருந்த போனைப் பார்த்து உடனே படிச்சிருந்தா நான் இந்தப் பாடு பட்டிருக்க மாட்டேன்."

தையல்காரர் அவனை வினோதமாகப் பார்த்தார்.

"எப்படித் தம்பி படிப்பாங்க? கண்ணு ரெண்டும் போய் ஒரு வருஷமாச்சே. விடியுமுன்னே போய் ராத்திரி திரும்புற உங்ககிட்ட இன்னும் மறைச்சுதான் வச்சிருக்காங்களா? நீங்க பேசுற சத்தத்தைக் காதுல வச்சுக்கிட்டு, ரெண்டு மாடிப் படியையும் உட்கார்ந்து உட்கார்ந்து தடவிக்கிட்டேதான் என்கிட்ட இறங்கி வந்தாங்க."