மதிக்குக் கேக்குது

பெத்த பொண்ணாண்ட வாயை மறைச்சிக்கினு பேசுற அம்மாவை அன்னிக்கித்தான் பார்த்தேன்.

பொண்ணுக்கு ஆறு வயசு, பேரு மதி. காதுக்குப் பின்னால மிஷின், மண்டையில ரூபா சைசுக்கு ஒரு வட்டம் ஒட்டிக்கினு கீது. பக்கத்துல அவங்கம்மா ரமாபாய். ஒண்ணாங்கிளாஸ் அட்மிஷனுக்கு எர்ணாவூர் ஹவுசிங் போர்டுல இருந்து ஹெச்.எம். ரூமுக்கு வந்துகீறாங்க. பொண்ணு அம்மா மூஞ்சியைத் தேடித் தேடித் திரும்புது. இவ முந்தானையால வாயைப் பொத்திக்கினு, "பையைத் தொறந்து பென்சில் எடு"ன்றா.

இன்னா கல்நெஞ்சுக்காரிடா சாமின்னு எனக்கே கோவம் வந்துச்சி.

நான் வரலட்சுமி. திருவொத்தியூர்ல இந்த ஸ்கூல்ல பதினோரு வருசமா ஆயா. எங்க ஹெச்.எம். தங்கபுஷ்பம் மேடம் அடையாறுல இருந்து கார்ல வருவாங்க. அவங்க முன்னால நான் பேசுறது ரெண்டே ரெண்டு: "ஆமாங்க மேடம்", "சரிங்க மேடம்". என் பேச்சு கலீஜாம். புள்ளைங்க காதுல விழக்கூடாதாம். நல்லா இருக்குல்ல நியாயம்!

மேடமும் அதையேதான் கேட்டாங்க. "ஏம்மா, குழந்தைக்கு முகத்தைக் காட்டிப் பேசக்கூடாதா? பாவமா இல்லையா?"

"பாவம் பார்த்தா வாயைப் பார்த்தே ஓட்டிடும் மேடம். காதுக்கு வேலையே இருக்காது. ஆபரேஷன் பண்ணி மிஷின் வெச்சா மட்டும் பத்தாதாம், கேக்குறதுக்கே பழக்கணுமாம். பயிற்சி குடுக்குற டீச்சரு சொன்னாங்க. மூணு வருசமா அரிசி களையும்போதும் பேசுறேன், பஸ்ல போம்போதும் பேசுறேன். எங்க பிளாக்ல எனக்கு லூசுன்னு பேரு."

"படிக்க வருமா?"

"கடை போர்டு, பஸ் போர்டு எல்லாம் கூட்டிப் படிக்கும்."

மேடம் ஒரு ஃபைலை எடுத்து வாயை மறைச்சாங்க. "மதி, காலையில் என்ன உணவு அருந்தினாய்?"

"இன்னா?"ன்னுச்சி பொண்ணு.

மேடம் மூஞ்சி சுருங்கிப்போச்சி. "பார்த்தீங்களா? கேக்கலை."

"கேக்காத புள்ள இன்னான்னு திருப்பிக் கேக்குமா மேடம்?"

"சத்தம் கேட்டிருக்கும், புரியலை. அதென்ன, இன்னா? இதையா மூணு வருஷம் உக்காந்து சொல்லிக் கொடுத்தீங்க? நல்ல தமிழ்ல பழக்கியிருக்கலாமே?"

ரமாபாய் முந்தானையை உதறி இடுப்புல சொருகினா.

"நீங்க சொல்ற தமிழை எங்க வூட்ல யாரு பேசுறா மேடம்? வூட்ல இன்னா பேசுறியோ அதையே பேசு, நிறுத்தாம பேசுன்னாங்க அந்த டீச்சரு. நான் பேசுற பேச்சைக் கேட்டுத்தான் எம்பொண்ணு என்னை அம்மான்னு கூப்டுச்சி. அதுக்கு நான் யாராண்டயும் தலை குனிய மாட்டேன்."

கைதட்டலாம்னு பார்த்தேன். வேலை போயிடும்.

"கோவப்படாதீங்க. இந்தப் பேச்சு இங்க சரிப்பட்டு வராது. மத்த குழந்தைங்களும் கெட்டுப்போகும். வேற ஸ்கூல் பாருங்க."

"நாலு ஸ்கூலு பார்த்தாச்சி. அவங்க மிஷினைப் பார்த்து வாணாம்னாங்க. நீங்க பேச்சைப் பார்த்து வாணாம்ன்றீங்க. இனிமே போறதுக்கு ஸ்கூல் இல்ல, நானும் போறதா இல்ல." நாற்காலியை நல்லா இழுத்துப் போட்டுக்கினு ஒக்காந்துட்டா.

அப்பத்தான் மேடம் போன் அடிச்சிது. யாருன்னு பார்த்தாங்க. எழுந்து மதிக்குப் பின்னால கீற ஜன்னலாண்ட போய், கையால வாயை மறைச்சிக்கினு பேசினாங்க. மெல்லத்தான் ஆரம்பிச்சாங்க. அந்தப் பக்கம் இருக்குறவருக்குக் காது மந்தம் போல, குரல் கொஞ்சம் கொஞ்சமா ஏறிச்சி.

இன்னா பேசினாங்க, எப்டிப் பேசினாங்கன்னு எனக்குக் கேட்டுது. ரமாபாய்க்கும் கேட்டுது. அவ என்னைப் பார்த்தா, நான் காலண்டரைப் பார்த்தேன். ரெண்டு பேரும் செவிடு மாதிரி இருந்துட்டோம்.

மதி குனிஞ்ச தலை நிமிராம கப்பல் வரைஞ்சிகினு இருந்துச்சி. மேடம் திரும்பி வந்து சீட்ல ஒக்காந்ததும் பென்சிலைக் கீழ வெச்சிது.

"உங்க நைனா இன்னும் சோறு துன்னலியா மேடம்?"

மேடம் போனை எடுத்து, கட் ஆயிருக்கான்னு பார்த்தாங்க.

"இட்லி வாணாம்னு அடம் புடிக்கிறாரா? மூலக்கொத்தளத்து அத்த வந்து கஞ்சி காச்சிக் குடுக்குமா?"

ரமாபாய் பதறிப்போய் பொண்ணு வாயைப் பொத்தினா. மேடம் வேணாம்னு கையைக் காட்டி அந்தக் கையை எடுக்க வெச்சாங்க. மதி காதாண்ட இருந்த மிஷினையே பார்த்துகினு இருந்தாங்க. கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சாங்க. அப்புறம் டிராயரைத் திறந்து அட்மிஷன் ஃபாரத்தை எடுத்துக் கையெழுத்துப் போட்டாங்க.

என் பக்கம் திரும்பினாங்க.

"இன்னா வரலட்சுமி, மரம் மாதிரி நின்னுகினு கீற? போய் ஸ்கூல் சீலை எட்த்துகினு வா!"