மூட்டம் போடாத மாதம்

மழை விட்டதும் மாட்டு ஈக்கள் பெருகும். அவற்றை எண்ணி எழுதுவது என் வேலை. செங்கமலத்தின் எருமைக் கொட்டகை அருகே வலைப்பொறியைக் கட்டினேன். புகை இருந்தால் ஈ வராது என்பதால், ஒரு மாதம் மூட்டம் போட வேண்டாம் என்று அவளிடம் கேட்டுக்கொண்டேன். அவளும் போடவில்லை. ஆறு வகை ஈக்கள் விழுந்தன. எந்த வருடமும் எனக்கு அவ்வளவு கிடைத்ததில்லை.

மாதக் கடைசியில் அவளுடைய எருமை, ஈக்கடியில் பரவும் காய்ச்சல் கண்டு, தட்டாமாலை சுற்றி விழுந்து செத்தது. குழியில் இறக்கிய பிறகு செங்கமலம் என் கையிலிருந்த பாட்டிலைக் கேட்டாள். அன்று காலை பிடித்த ஈக்கள் அதில் இன்னும் ஊர்ந்துகொண்டிருந்தன.

"எதுக்கும்மா?"

"அதோட ரத்தம் இதுங்க வயித்துலயும் இருக்கு சார். பாதி மாட்டத்தான் பொதைக்கணுமா?"

எண்ணி முடிக்கவில்லை என்று சொல்ல வாய்வரை வந்தது. கொடுத்துவிட்டேன்.

குழிக்குள் கவிழ்த்தாள். ஒன்று மட்டும் பறந்து வந்து அவள் முழங்கைக்குக் கீழே அமர்ந்து கடித்தது. நான் கையை ஓங்கினேன்.

"அடிக்காதீங்க சார்."

அந்தக் கையை அசைக்காமல் வைத்துக்கொண்டு, மற்றக் கையால் மண்ணைத் தள்ளத் தொடங்கினாள்.