இன்வெர்ட்டர் லைன்

“தூங்கிட்டியா, போன் பேசிட்டு இருந்தியா? ரெண்டுல ஒண்ணைச் சொல்லு.”

மருமகள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள். மாமியாரைப் பார்த்துக்கொள்ள ஏஜென்சி அனுப்பிய பெண், எதிரே சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நின்றாள்.

நேற்று மத்தியானம் நாற்பது நிமிடம் கரண்ட் போயிற்று. மாமியாருக்கு ஆக்சிஜன் கொடுக்கிற மிஷின் நின்றுவிட்டது. இன்றைக்கு அவர் ஆஸ்பத்திரியில்.

“ரெண்டும் இல்லைக்கா. மிஷின் கீ கீன்னு கத்தினதுமே ஓடினேன். சாருக்கு ஆறு தடவை போன் பண்ணேன், எடுக்கல. அப்புறம் நானே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன்.”

“மீட்டிங்ல இருந்தேன்” என்றான் மகன். “வீட்டுல இன்வெர்ட்டர் இருக்கு. ஃபேன் ஓடியிருக்கு, டிவி ஓடியிருக்கு, வைஃபைகூட அறுபடல. எங்கம்மா மிஷின் மட்டும் எப்படி நிக்கும்? இன்வெர்ட்டர் பாயிண்ட்லேர்ந்து கழட்டி வேற எதுலயோ மாட்டியிருக்கே. உன் போனுக்குச் சார்ஜ் போட இடம் வேணுமே!”

“அம்மா மேல சத்தியமா இல்ல சார்.”

“எந்த அம்மா மேல? ஐசியூல கிடக்காங்களே, அவங்க மேலயா?”

ஏஜென்சிக்குப் புகார் எழுதித் தயாராக வைத்திருந்தான் அவன். அது போய்ச் சேர்ந்தால் இனி எந்த வீட்டுக் கதவும் அவளுக்குத் திறக்காது.

“எதுக்கும் லைன் போட்டவர் ஒரு தடவை பார்த்துடட்டுமேங்க” என்று மருமகள்தான் எலக்ட்ரீஷியனை வரச் சொல்லியிருந்தாள்.

வந்தவர் வயசானவர். நேராக அம்மாவின் அறைக்குள் போய்க் கட்டிலருகே நின்றார்.

“தம்பி, கரண்ட் போனா ஒவ்வொரு சாமானுக்கும் ஒவ்வொரு குணம். லேப்டாப்புக்குப் போனதே தெரியாது. ஃபிரிட்ஜ் வாயே திறக்காம ரெண்டு மணி நேரம் தாங்கும். இந்த மிஷின் கத்தி ஊரைக் கூட்டும். இதோ இந்தக் கடிகாரம் இருக்கு பாருங்க, எல்லாத்தையும் மறந்துட்டுப் பன்னெண்டுலேர்ந்து ஆரம்பிக்கும்.”

மேசைமேல் இருந்த கடிகாரம் சிவப்பு எண்களைக் காட்டிக் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது.

“இதுவும் மிஷினும் ஒரே பாயிண்ட்லதான் மாட்டியிருக்கு. இன்வெர்ட்டர் கரண்ட் வந்திருந்தா இது ஏன் சிமிட்டுது?”

“அதான், எல்லாம் முடிஞ்சப்புறம் ரெண்டையும் இங்க கொண்டுவந்து மாட்டியிருப்பா” என்றான் மகன். “ லேசுப்பட்ட ஆளா இவ?”

பெரியவர் போய் மெயினை அணைத்தார். ஹாலில் ஃபேன் நிற்கவில்லை. டிவி பாட்டுக்குப் பேசியது. மீன் தொட்டியில் குமிழ் குமிழாக வந்துகொண்டே இருந்தது. திரும்ப அறைக்கு வந்து பாயிண்ட்டில் டெஸ்டரை வைத்தார். எரியவில்லை.

“கரண்ட் போனா இந்தப் பாயிண்ட்டே செத்துடுது தம்பி. இந்தப் பொண்ணு எதைச் செருகியிருந்தாலும் ஓடியிருக்காது.”

மெயினைப் போட்டுவிட்டு, அறை வாசலில் இருந்த இன்வெர்ட்டர் பெட்டியைத் திறந்தார்.

“ரெண்டு வருஷம் முன்னாடி, அம்மா ரூமுக்குன்னு மஞ்சள் டேப் சுத்தி நான் இழுத்த ஒயர் இது. யாரோ கழட்டி வேற பக்கம் திருப்பியிருக்காங்க.”

“சரி, விடுங்க. பழையபடி மாட்டிட்டுப் போங்க.” மகனின் குரல் இறங்கியிருந்தது.

“எங்க போகுதுன்னு பார்த்துடறேனே.”

மஞ்சள் டேப்பைப் பிடித்துக்கொண்டே நடந்தார். ஹாலுக்கு வந்தார். மீன் தொட்டிக்குப் பின்னால் குனிந்தார்; ஒயர் தொட்டி மோட்டாரின் பிளக்கில் போய் முடிந்திருந்தது.

மருமகள் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள்.

“நீங்களா?”

“போன மாசம் கரண்ட் போனப்ப ரெண்டு மீன் செத்துச்சே... இன்வெர்ட்டர் இன்னொரு லைன் தாங்காதுன்னு இவர்தான் சொல்லியிருந்தாரு. அம்மாவுக்குத்தான் ஆக்சிஜன் சிலிண்டர் இருக்கேன்னு...”

“அது காலியாகி மூணு வாரம் ஆச்சு சார்” என்றாள் அந்தப் பெண். “உங்ககிட்ட நாலு தடவை சொன்னேன்.”

“டிவி லைனை எடுத்திருக்கலாமே தம்பி” என்றார் பெரியவர், தொட்டியைப் பார்த்தபடியே.



மகனின் போன் அடித்தது. ஆஸ்பத்திரி. அம்மாவுக்கு நினைவு வந்துவிட்டதாம். பிள்ளையோடு பேச வேண்டுமாம். விரல் பட்டு ஸ்பீக்கர் ஆன் ஆனது.

“டாக்டர் கேட்டாருப்பா... கை தவறி பிளக்கை நானே இழுத்துட்டேன்னு சொல்லிட்டேன்... அந்தப் பொண்ணை ஒண்ணும் சொல்லிடாதே.”

“அம்மா...”

“நீ ஒயரை மாத்தினப்ப நான் முழிச்சுட்டுத்தான் இருந்தேன்.”

அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

“மீனெல்லாம் நல்லா இருக்கா?”