நட்டநடு வீடு

அரசின் உயிரினப் பதிவேட்டின்படி அமலோற்பவத்தின் இரண்டு அறை வீட்டில் நானூற்றுப் பன்னிரண்டு வகை உயிரினங்கள் குடியிருந்தன, நீர்நாய் உட்பட. அதனால் மாடி கட்ட அனுமதியில்லை. கொசுமருந்து அடிக்கக்கூட மனுப் போட வேண்டும். நீர்நாய் அவள் கண்ணில் பட்டதேயில்லை. ஆனாலும் குளியலறைக் கதவைத் திறக்கும்போதெல்லாம் ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொள்வாள்.

பல்கலைக்கழகத்தில் புதிதாகத் தொடங்கிய, உயிரினப் பதிவுகளைக் கணினியில் ஆராயும் பல்லுயிர்த் தகவலியல் படிப்பின் முதல் செய்முறை வகுப்பு அவள் வாசலில்தான் நடந்தது. மாணவர்களோடு வந்த விரிவுரையாளர் தமயந்தி விளக்கினார்.

"அந்தக் காலத்துல உயிரினங்களைப் பார்த்துப் பதிஞ்சவங்க, பார்த்த ஊர் பேர் எழுதாம மாவட்டத்தை மட்டும் எழுதி வச்சிட்டாங்க. கம்ப்யூட்டர் எல்லாத்தையும் மாவட்டத்தோட நட்டநடுவுல போட்டிருச்சு. அந்த நட்டநடு உங்க வீடுதான் அக்கா. இப்பவே அழிச்சிடுறோம், நீங்க மாடி கட்டலாம்."

அமலோற்பவத்துக்குச் சிரிப்பு வந்தது. பதினோரு வருடம் அலுவலகம் அலுவலகமாக அலைந்தபோது யாரும் இதைச் சொல்லவில்லை.

"அழிச்சா அதுங்க எங்க போகும் டீச்சர்?"

"பெரும்பாலானதுக்கு வேற இடத்துலயும் பதிவு இருக்கு. மீதி முப்பத்தொன்பதுக்கு இது ஒண்ணுதான். அதெல்லாம் மாவட்டத்துலயே இல்லைன்னு ஆயிடும். அப்புறம் யாரும் தேடிப் போக மாட்டாங்க."

"நீர்நாய்?"

"அதுவும் அதுலதான் அக்கா."

அமலோற்பவம் குளியலறைப் பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்தாள்.

"அப்ப அந்த முப்பத்தொன்பதையும் விட்டுருங்க."

"ஒண்ணு இருந்தாலும் மாடி கட்ட முடியாதே அக்கா!"

"தெரியுது. எங்க இருக்குன்னு கண்டுபிடிச்சிட்டு வந்து கூட்டிட்டுப் போங்க," என்றவள் மாணவர்கள் பக்கம் திரும்பினாள். "ஆனா சீக்கிரம் வாங்கப்பா. எனக்கு மாடி கட்டணும்."